இல்லமணிக்கு ஓர் உறை

ஆறு நிமிஷம் ஆகும் என்று மரகதம் இரண்டு தடவை சொல்லிவிட்டாள். சுவிட்சைத் தட்டியதும் துள்ளி எழ இது என்ன கையிலிருக்கும் செல்போனா, இருபத்தைந்து வருஷத்துப் பெட்டி, அதன் இஷ்டத்துக்குத்தான் எழும்பும், அதுவரை யாரும் தட்டக் கூடாது, உலுக்கக் கூடாது, ஒயரைப் பிடுங்கிச் செருகக் கூடாது. சொன்னால் கேட்கிற ஆட்களா, சட்டையில் பூவைக் குத்திக்கொண்டு நாலு பேராசிரியர்கள் குனிந்து குனிந்து பார்த்துவிட்டு, "என்னுங்க மேடம், ஒண்ணுமே தெரியலீங்களே" என்று ஆளுக்கொரு தடவை கேட்டுவிட்டுப் போனார்கள். தெரியாது. ஆறு நிமிஷத்துக்குக் கறுப்புத் திரைதான் தெரியும், அதைப் பார்க்கப் பிடிக்காவிட்டால் போய்க் காபி குடியுங்கள். இல்லமணி என்று அதற்குப் பெயர். டிவிக்கு ஒரு ஒயர், டெலிபோனுக்கு ஒரு ஒயர், மடியில் வைத்துத் தட்ட ஒரு தமிழ்க் கீபோர்டு. கம்ப்யூட்டர் இல்லாத வீட்டிலும் டிவித் திரையிலேயே இணையம் வரும், வெளிநாட்டில் இருக்கிற பிள்ளை மெயில் போட்டால் பெட்டியின் நெற்றியில் சிவப்பு விளக்கு எரியும் என்றெல்லாம் சொல்லி இரண்டாயிரமாம் வருஷத் தீபாவளிக்குக் கடைக்கு வந்து, பொங்கலுக்குள் கடையை விட்டு ஓடிய சாமான். அதற்குள் ஓடும் மென்பொருளை எழுதியவள் மரகதம். அப்போது இருபத்தெட்டு வயது, இப்போது ஐம்பத்துமூன்று, நடுவில் இருக்கிற வருஷங்களை யாரிடம் போய்க் கேட்பது. பழைய மின்னணுக் கருவிகளுக்கென்று பீளமேட்டுப் பக்கத்தில் ஒரு கல்லூரி தனி அறை கட்டி, இன்றைக்குத் திறப்பு விழா, திறந்து வைக்கிறவர் அந்தப் பெட்டியைச் செய்த கம்பெனியின் எம்.டி.யாக இருந்த சென்னியப்பன். மிச்சமிருந்த ஒரே பெட்டியை ஓட்டிக் காட்ட வேண்டும் என்றார்கள். இரண்டு வாரம் வீட்டுச் சாப்பாட்டு மேஜையில் வைத்து, வீங்கிப்போன கெப்பாசிட்டர்களைப் பிடுங்கிப் புதிது வைத்து, உயிர் கொடுத்து, கொண்டுவந்து வைத்திருக்கிறாள். நேற்று ராத்திரிகூட வராமல் இருந்துவிடலாமா என்று நினைத்தாள். இந்த மகாராணி வராவிட்டால் அந்தப் பெட்டியை எழுப்ப வேறு ஆளில்லை, அதனால் வந்தாள், அப்படித்தான் தன்னிடமே சொல்லிக்கொண்டாள்.

பெட்டிக்குப் பின்னால் சுவரில் கருங்கல். அதில் வெட்டியிருந்ததைக் காலையில் வந்ததிலிருந்து ஏழெட்டுத் தடவை படித்துவிட்டாள், படிக்கக் கூடாது என்று திரும்பிக்கொண்டால் கண் தானாக அங்கே போய் நிற்கிறது. 'காலத்தை முந்திப் பிறந்த கருவி. மின்சுற்று வடிவமைப்பில் நேர்ந்த குறையால் கைவிடப்பட்டது.' மின்சுற்று வடிவமைப்பில் நேர்ந்த குறை. என்ன அழகான தமிழ், யார் எழுதிக் கொடுத்தார்களோ. கீழே வரிசையாகப் பெயர்கள், நிறுவனர் சென்னியப்பன், மென்பொருள் மரகதம், வெளித்தோற்றம் யாரோ, விற்பனை யாரோ. மின்சுற்றுக்கு மட்டும் பெயர் இல்லை. குறை மட்டும் இருக்கிறது, ஆள் இல்லை. லூர்துசாமி என்ற ஒருத்தன் அந்தக் கம்பெனியில் மூன்று வருஷம் உட்கார்ந்து, சோறு ஆறிப்போவதுகூடத் தெரியாமல் அந்த மின்சுற்றுப் பலகையை வரைந்தான் என்பதற்கு இந்தக் கல்லில் அடையாளமே கிடையாது. கல்லில் வெட்டிவிட்டால் முடிந்தது, நாளைக்கு இந்தக் கல்லூரியில் படிக்கிற பிள்ளைகள் எல்லாம் இதைப் படித்துவிட்டு, ஓகோ, எவனோ மின்சுற்றைச் சரியாகப் போடவில்லை என்று சொல்லிக்கொண்டு போகும். எவ்வளவு திமிர் இந்தக் கிழவருக்கு. ஆனால் போன வாரம் இதே வாசகத்தை அவர் வாட்ஸப்பில் அனுப்பி, சரியா இருக்குதா அம்மணி என்று கேட்டாரே, அதற்கு இவள் என்ன செய்தாள். கட்டைவிரல் படம் போட்டாள். அடுப்பில் பால் பொங்கியது, அவசரத்தில் போட்டுவிட்டேன் என்று அன்றைக்கே சமாதானம் சொல்லிக்கொண்டாள். பால் பொங்கவில்லை. அடுப்பே பற்ற வைக்கவில்லை. போனைக் கையில் வைத்துக்கொண்டு கால் மணி நேரம் உட்கார்ந்திருந்துவிட்டு, பிறகு அந்த மஞ்சள் விரலைத் தேடிப் பிடித்துப் போட்டாள். நினைத்தால் அந்த விரலை வெட்டிப் போடலாம் போல ஆத்திரம் வருகிறது. "ஏனம்மணி, பொட்டி எந்திரிச்சுதா?" என்று முன்வரிசையிலிருந்து சென்னியப்பன் குரல் கொடுத்தார். எழுபத்தெட்டு வயதிலும் குரலில் துரு ஏறவில்லை. "இன்னும் நாலு நிமிஷம் ஆகுங்க சார்" என்றாள், எவ்வளவு பணிவாக வருகிறது வாயில், இந்தப் பணிவு எங்கே போய் ஒளிந்துகொண்டாலும் அவர் கூப்பிட்டதும் ஓடி வந்துவிடுகிறது. "நான் பேசி முடிச்சதும் உம்பட கையில மைக்கைக் குடுப்பாங்க. ரெண்டு வார்த்தை பேசீரு கண்ணு, நீ பேசுனாத்தான் நல்லா இருக்கும்" என்றார். ரெண்டு வார்த்தை. நன்றி வணக்கம் என்றால் ரெண்டு வார்த்தைதான், சொல்லிவிட்டு இறங்கி, சாப்பாட்டுப் பொட்டலத்தை வாங்கிக்கொண்டு பஸ் ஏறிவிடலாம். அல்லது லூர்துசாமி என்று சொல்லலாம். அதைச் சொன்னால் ரெண்டு வார்த்தையோடு நிற்காது, அது எங்கே போய் நிற்கும் என்று அவளுக்குத் தெரியும். கைக்குட்டையை எடுத்துக் கழுத்தைத் துடைத்துக்கொண்டாள்.

கறுப்புத் திரையில் இரண்டு வரி வெள்ளை எழுத்து ஓடி நின்றது. நினைவகம் சரி. கடிகாரம் தவறு. கடிகாரம் மட்டுமா, இங்கே எல்லாமே தவறு. மக்கள் தயாராக இல்லை என்று சென்னியப்பன் எந்த மேடை ஏறினாலும் சொல்வார், இன்றைக்கும் சொல்வார், நம்ம சனங்களுக்கு அப்ப இன்டர்நெட்டுன்னா என்னன்னே தெரியாதுங்க என்பார், கூட்டம் சிரிக்கும். சனங்களுக்கு எல்லாம் தெரிந்திருந்தது. சனங்களுக்குத் தெரிந்ததில் முதல் காரியம், வீட்டுக்கு ஒரு சாமான் வந்தால் அதற்கு ஒரு சட்டை தைத்துப் போடுவது. கோயம்புத்தூரில் எந்த வீட்டுக்குள் நுழைந்தாலும் டிவிக்கு உறை, மிக்சிக்கு உறை, டெலிபோனுக்கு ஓரத்தில் சுருக்கம் வைத்த குட்டிப் பாவாடை, பிரிட்ஜின் கைப்பிடிக்குக்கூடத் துணிக்குழாய், ரிமோட்டுக்குப் பிளாஸ்டிக் பை, அந்தப் பையைப் பிரித்தால் தெய்வக் குற்றம். மரகதத்தின் வீட்டில் அம்மா கிரைண்டருக்கே முந்தானை வைத்துத் தைத்திருந்தாள். அந்த வீட்டுப் பெண் கம்பெனிக் கூட்டத்தில் வாயைத் திறந்தால் வேறு என்ன வரும். அந்தக் கூட்டம், ஐயோ அந்தக் கூட்டம், நீள மேஜை, ஏசி வேலை செய்யாமல் மேலே சுழன்ற காற்றாடி, கேக் போன்ற மணம் வீசிய யாரோ ஒருவரின் சென்ட். தீபாவளிக்கு இலவசமாக என்ன கொடுக்கலாம் என்று கேட்டார்கள், டார்ச் லைட் என்றார் ஒருவர், காலண்டர் என்றார் இன்னொருவர். மென்பொருள் எழுதுகிறவளுக்கு அங்கே வேலையே இல்லை, சும்மா உட்கார வைத்திருந்தார்கள், சும்மா இருந்திருக்கலாம். உறை கொடுக்கலாம் சார், வீட்டுச் சாமான் மாதிரித் தெரியணும், உறை போட்டாத்தான் பொம்பளைங்க உள்ள விடுவாங்க என்றாள். எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். சென்னியப்பன் மேஜையைத் தட்டி, இதுதான் மூளை என்றார். அந்தத் தட்டலில் காப்பிக் கோப்பைகள் குலுங்கின, அவளுக்கு உடம்பெல்லாம் இனித்தது. அன்றைக்கே தாளில் பூ வரைந்து கொடுத்தாள், ஐந்து இதழ் செம்பருத்தி. மெரூன் சாட்டின், மஞ்சள் நூலில் பூ, நழுவாமல் இருக்கக் கீழே சுற்றி எலாஸ்டிக். எலாஸ்டிக்கும் அவள் யோசனைதான். திருப்பூரிலிருந்து தைத்து வந்தது, கன்னத்தில் வைத்துப் பார்த்தாள், வழுவழுப்பாக இருந்தது.

பெட்டிக்குக் காற்றுத் துளைகள் மேலே. லூர்து அதைப் பக்கவாட்டில் வைக்கச் சொல்லிக் கேட்டான், பார்க்க நன்றாக இல்லை என்று மாற்றிவிட்டார்கள், சரி, மேலேயே இருந்தாலும் போதும், காத்து போனா ஆறிடும் என்றான். இரண்டு நாள் விடாமல் ஓட்டி, மணிக்கொரு தரம் சூட்டை அளந்து பென்சிலால் எழுதி வைத்தான். அம்மணமாக ஓட்டினான், துணி போட்டு ஓட்டவில்லை, துணி வரப்போவது அவனுக்கு எப்படித் தெரியும், அந்தக் கூட்டத்தன்று அவன் மனைவியைப் பிரசவத்துக்குச் சேர்த்திருந்தான். நாலு நாள் கழித்துப் பெண் குழந்தை என்று எல்லாருக்கும் பிளம் கேக் கொடுத்தான், மரகதத்துக்கு இரண்டு துண்டு. பேக்கிங் நடந்தது வேறு ஷெட்டில். டிவியை ராத்திரி அணைத்துவிட்டு உறை போடுவார்கள், ஆறிப்போன சாமானுக்கு உறை போட்டால் ஒன்றும் ஆகாது. இல்லமணி அணையவே அணையாது, மெயில் வந்திருக்கிறதா என்று மணிக்கொரு தரம் அதுவே டயல் செய்து பார்க்கும், அதற்கு உறக்கம் கிடையாது. அந்த உறக்கமில்லாத நிரலை எழுதியவள் யார். அணையாத பெட்டிக்கு எலாஸ்டிக் வைத்த சாட்டின் சட்டையை மாட்டிவிட்டு உள்ளே வேகவிட்டவள் யார். புத்தகத்தில் பதினாலாம் பக்கத்தில் துளைகளை மூடக் கூடாது என்று போட்டிருந்தது, அந்தப் புத்தகத்துக்கு மேலேயே உறையை மடித்து வைத்து அட்டைப்பெட்டியை ஒட்டினார்கள். மார்கழியில் பெட்டிகள் திரும்பி வர ஆரம்பித்தன. நாற்றம், கருகின பிளாஸ்டிக் நாற்றம், இப்போதுகூட மூக்கில் அடிக்கிறது, இல்லை, இப்போது நிஜமாகவே அடிக்கிறதா. பதறிப்போய்ப் பெட்டியின் மேல் உள்ளங்கையை வைத்தாள். இளஞ்சூடு, அவ்வளவுதான். நாற்றம் அடிப்பது கேன்டீன் பக்கமிருந்து, யாரோ எண்ணெயைக் காயவிட்டிருக்கிறார்கள். நெஞ்சு அடித்துக்கொள்வது நிற்கவில்லை, மாத்திரை போட்டோமா காலையில், போட்டோம், போட்டும் என்ன பிரயோஜனம்.

மேஜை மேல் பதினொரு பெட்டி வைத்திருந்தார்கள் விசாரணையன்று, பதினொன்றும் தலை அமுங்கி. பெட்டிகள்தான் திரும்பி வந்தன, உறைகள் வரவில்லை, ஒரு உறைகூட வரவில்லை, நல்ல சாட்டின் துணியை யார் திருப்பித் தருவார்கள், எல்லா வீட்டிலும் மிக்சிக்குப் போட்டுக்கொண்டார்கள். அதனால் கண்ணால் பார்க்க அங்கே குற்றவாளி இல்லை. ஆனால் மரகதம் இரண்டாவது பெட்டியைக் கையில் எடுத்தபோது அதன் இளகிய தலையில் பெருவிரலுக்குத் தட்டியது, மேடும் பள்ளமுமாக நூல் ஓடிய தடம். மூன்று இதழ். நாலாவது இதழ் பாதி. அவள் வரைந்த பூ, அவள் கையெழுத்தைவிட நன்றாகத் தெரிந்த பூ. பெருவிரலை அதன் மேலேயே வைத்துக்கொண்டாள், எடுத்தால் எல்லாருக்கும் தெரிந்துவிடுமே. சென்னியப்பன் கேட்டார், லூர்து, உன் போர்டு சூடாகுதா. சூடாகுங்க சார், எல்லாப் போர்டும் சூடாகும், காத்து போனா ஆறிடும் என்றான், ஒன்றும் புரியாமல் பென்சில் கணக்கைப் புரட்டிக்கொண்டே. நீ என்னம்மா சொல்ற. எல்லாரும் அவளைப் பார்த்தார்கள். அவள் சொன்னாள். போர்டு சைடுல பாக்கணும் சார். நாலே வார்த்தை. யோசித்துச் சொன்னதா என்றால் இல்லை, யோசிக்காமல் சொன்னதா என்றால் அதுவும் இல்லை, விரலுக்கடியில் பூ இருந்தது, வாய் அந்த நாலு வார்த்தையைச் சொன்னது. மற்றவர்களுக்கு மட்டும் தெரியாதா, உறை கொடுக்க ஒப்புக்கொண்டது எம்.டி. இல்லையா, கைதட்டியது அந்த மேஜையில் இருந்த அத்தனை பேரும் இல்லையா, ஒருத்தனுக்காவது, ஏய், நாம துணியைப் போட்டு மூடினோமே என்று தோன்றாமலா போயிருக்கும். திருட்டுக் கூட்டம். தோன்றியிருக்கும், இவளைப் போலவே விழுங்கியிருப்பார்கள். அப்படி நினைத்தால் கொஞ்ச நேரம் நிம்மதியாக இருக்கும், இருபத்தைந்து வருஷமாக அந்த நிம்மதியைத்தான் பிய்த்துப் பிய்த்துத் தின்றுகொண்டிருக்கிறாள். அவர்களுக்குத் தோன்றியிருக்கலாம், அவளுக்குத் தெரியும். தோன்றுவதற்கும் தெரிவதற்கும் நடுவில் லூர்துவின் வேலை போயிற்று. அந்த வாரமே போயிற்று, அந்தப் பேச்சு ஊர் முழுக்கப் பரவி வேறு எந்தக் கம்பெனியும் அவனைச் சேர்க்கவில்லை. மேஜையை விட்டு எழும்போது அவன் அவளைப் பார்த்தான். அங்கேதான் வந்து வந்து சிக்குகிறது. என்ன பார்வை அது. அவள் விரலைப் பார்த்தானா, முகத்தைப் பார்த்தானா, பூவைப் பார்த்துவிட்டானா. பார்த்திருந்தால் ஏன் சொல்லவில்லை, சொல்லியிருக்கலாமே முட்டாள், கத்தியிருக்கலாமே, மேஜையைப் புரட்டியிருக்கலாமே, இவளை இப்படிக் காலமெல்லாம் அந்தப் பார்வைக்கு அர்த்தம் தேட விட்டுவிட்டுப் போனானே. பாவி. அவன் மேலும் கோபம் வருகிறது பார், வேலையைப் பறிகொடுத்தவன் மேல், வெட்கமே கிடையாதா உனக்கு மரகதம்.

ஒண்டிப்புதூர் பஸ் ஸ்டாப்புக்கு எதிரில் லூர்துவின் மிக்சி, கிரைண்டர் பழுது பார்க்கும் கடை. வேலைக்குப் போய்வந்த காலத்தில் வாரம் ஐந்து நாள் அந்த வழிதான். ஜன்னல் சீட்டில் உட்கார்ந்தால் தெரியும், குனிந்த தலை, வழுக்கை விழ ஆரம்பித்த வருஷம், கண்ணாடி போட ஆரம்பித்த வருஷம், கடை வாசலில் பள்ளிக்கூட யூனிபார்மில் ஒரு பெண் உட்கார்ந்து எழுதிய வருஷங்கள், பிறகு அந்தப் பெண்ணைக் காணாத வருஷங்கள். இறங்கலாம் என்று எத்தனை தடவை பையை எடுத்துத் தோளில் மாட்டியிருப்பாள். வண்டி கிளம்பிவிடும். டிரைவருக்கு என்ன அவசரமோ என்று டிரைவரைத் திட்டுவாள். ஒருநாள் வண்டி அங்கேயே பழுதாகி இருபது நிமிஷம் நின்றது, அன்றைக்கு யாரைத் திட்டுவது, முகத்தைத் திருப்பி அந்தப் பக்கத்துச் சுவரொட்டியைப் படித்துக்கொண்டிருந்தாள். முந்தாநாள் சென்னியப்பனிடம் போனில், லூர்துவைக் கூப்பிட்டீங்களா சார் என்று கேட்டாள், கேட்டுவிட்டாளே என்று அவளுக்கே ஆச்சரியம். "அவன் எங்க இருக்கானோ அம்மணி, இருக்கானோ இல்லையோ" என்றார். இருக்கிறான் சார், கடையின் பெயர்ப் பலகை என்ன நிறம் என்றுகூட எனக்குத் தெரியும் என்று சொல்லவில்லை. ஆமாங்க சார் என்றாள். ஆமாங்க சார். இந்த ஆமாங்க சாரை எந்தக் கெப்பாசிட்டர் மாற்றிச் சரி செய்வது.

கிர்ரென்று டயல் டோன் வந்தது. கூடத்தில் பேச்சு நின்றது. அடுத்த அறையில் எதிர்முனைக்கு வைத்திருந்த பழைய மோடம் எடுத்தது, இரண்டும் ஒன்றையொன்று கீச்சிட்டுக் கத்திக்கொண்டன, பின் கரகரவென்ற இரைச்சல், அது அடங்கியதும் திரையில் நீலம் பரவி இல்லமணி என்று எழுத்து வந்தது. நெற்றியில் சிவப்பு விளக்கு. நடுத்தர வயசுக்காரர்கள் ஓவென்று கூவினார்கள், போனைத் தூக்கிப் படம் பிடித்தார்கள். லூர்துவின் பலகை. இருபத்தைந்து வருஷம் கழித்தும் ஓடுகிறது, துணி இல்லை, காற்று போகிறது, ஆறிவிடுகிறது. இதைவிட என்ன சாட்சி வேண்டும், ஆனால் இங்கே அதைப் படிக்கத் தெரிந்தவள் ஒருத்திதான். சென்னியப்பன் பேசினார், நம்ம சனங்க தயாரா இல்லீங்க என்றார், சிரித்தார்கள். மின்சுற்றில் ஒரு சின்னக் கோளாறு, அது இல்லேன்னா இன்னைக்கு உலகமே நம்ம பொட்டியைத்தான் வெச்சிருக்கும் என்றார், கைதட்டினார்கள். மைக் அவள் கைக்கு வந்தது. ஈரமாக இருந்தது, அவர் கை வேர்வையா அவள் கை வேர்வையா தெரியவில்லை. எல்லாருக்கும் வணக்கம் என்றாள். நன்றி என்று அடுத்த வார்த்தை வாயில் தயாராக வந்து நின்றது, எவ்வளவு சுலபமான வார்த்தை. அதை விழுங்கினாள்.

"அந்தக் கல்லுல எழுதியிருக்கறது பொய்ங்க" என்றாள். "மின்சுற்றுல ஒரு குறையும் இல்லீங்க. இப்ப ஓடுதே, அதே போர்டுதான். அதை வரைஞ்சவர் லூர்துசாமி. பொட்டி வெந்துபோனது நாங்க இலவசமாக் குடுத்த உறையால. உறை குடுக்கலாம்னு சொன்னது நானுங்க. விசாரணையில அது எனக்குத் தெரிஞ்சுபோச்சு, தெரிஞ்சும் அவர் மேல பழியைப் போட்டேன். அவருக்கு வேலை போச்சு."

சென்னியப்பன் சிரித்துக்கொண்டே எழுந்து, பக்கத்து மைக்கைப் பிடித்தார். "பாத்தீங்களா? அம்மணி அப்பவே இப்படித்தானுங்க. தப்பு யாரு பண்ணாலும் தன் தலைல தூக்கிப் போட்டுக்கும். இந்தப் பெருந்தன்மை இன்னைக்கு யாருக்கு வரும், சொல்லுங்க?" பெருந்தன்மையாம். முன்வரிசை கைதட்டியது, பின்வரிசை பிடித்துக்கொண்டது, ஒரு பேராசிரியை கண்ணைத் துடைத்துக்கொண்டு தட்டினாள். உச்சந்தலை வரைக்கும் பற்றி எரிந்தது மரகதத்துக்கு. இருபத்தைந்து வருஷம் சேர்த்து வைத்து ஒரு உண்மையைக் கொண்டுவந்து போட்டால், அதையும் எடுத்து இவளுக்கே மாலையாகப் போடுகிறார்கள். "கை தட்டாதீங்க" என்றாள். கேட்கவில்லை. "சார், நீங்க உக்காருங்க" என்றாள். அப்படி ஒரு வார்த்தையை அவரிடம் அவள் ஜென்மத்தில் சொன்னதில்லை. அவர் முகம் மாறி, பின்னால் யாருக்கோ கையைக் காட்டினார், மைக் செத்துப்போனது. செத்தால் சாகட்டும். அதை மேஜையில் போட்டுவிட்டு அவள் முன்னால் வந்து நின்றாள். "லூர்துசாமி ஒண்டிப்புதூர்ல மிக்சி ரிப்பேர் பண்ணிட்டிருக்கார்" என்று கத்தினாள். "பொய் சொன்னது நான்." தட்டிக்கொண்டிருந்தார்கள். "பொய் சொன்னது நான்." இன்னும் சிலர் தட்டிக்கொண்டிருந்தார்கள். மூன்றாவது தடவை அவள் கத்தியபோதுதான் கைகள் ஒவ்வொன்றாக மடிக்கு இறங்கின.